இரட்டைத் தலைக் கன்றுக்காக விழுப்புரம் போனது

தந்தி மிகவும் சுருக்கமாக இருந்தது. ‘இரட்டைத் தலைக் கன்று. உயிரோடு. வா.’ யுத்த காலத்தில் இப்படி ஒரு தந்தியைக் கடல் தாண்டிக் கொழும்புக்கு அனுப்ப முயன்றால் என்ன ஆகும் என்று என் தோழி ரூத் யோசித்திருக்கவில்லை. தந்தி ஆபீசில் அதை வாங்கியவர் அவளை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, “இது இன்னா சங்கேதம்?” என்று கேட்டாராம். கன்று என்றால் கன்றுதான் என்று அவரை நம்பவைக்க அவளுக்கு ஒரு முற்பகல் பிடித்தது.

ரூத்தும் நானும் சென்னையில் ஒன்றாகப் படித்தவர்கள். அவள் திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை. நான் யாழ்ப்பாணத்துக்காரி, கொழும்பில் ஒரு கல்லூரியின் விலங்கியல் பிரிவில் செய்முறை வகுப்புகளையும் கண்ணாடிச் சாடிகள் நிறைந்த ஒரு சிறிய காட்சியறையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். தந்தியைப் பேராசிரியரிடம் காட்டியபோது அவர் அதைப் பலமுறை படித்தார். பிறகு, “எப்போது புறப்படுகிறாய்?” என்றார்.

அவர் ஆண்டுதோறும் விரும்பி நடத்தும் பாடம் ஒன்று உண்டு. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுபோல இருக்கிற ஒரு துளி முட்டையிலிருந்து கண்ணும் நாக்கும் குளம்பும் வாலும் எப்படி வருகின்றன என்பது அந்தப் பாடம். முன்காலத்து அறிஞர்கள் இதற்குச் சுலபமாக விடை சொல்லிவிட்டார்கள். முட்டைக்குள் மிகச் சிறிய உடல் ஒன்று முழுமையாக மடங்கிக் கிடக்கிறது, அது பெரிதாகிறது, அவ்வளவுதான் என்றார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடிகள் நல்லவையாக ஆக ஆக அந்தச் சிறிய உடலைக் காணவில்லை. உடல் உள்ளே ஒளிந்திருப்பதில்லை, உண்டாகிறது. எங்கோ ஓர் இடம் முந்திக்கொள்கிறது. அது தன் அக்கம்பக்கத்தைத் தூண்டுகிறது. தூண்டப்பட்டது வேறொன்றாக மாறித் தனக்கு அடுத்ததைத் தூண்டுகிறது. எளிமையானது இப்படிப் படிப்படியாகச் சிக்கலாகிறது. ஜெர்மனியில், தண்ணீரில் வாழும் பல்லி போன்ற ஒரு பிராணியின் கருவிலிருந்து அந்த முந்திக்கொள்ளும் துணுக்கைக் கிள்ளி இன்னொரு கருவின் வயிற்றுப் பக்கம் ஒட்டியிருக்கிறார்கள். அங்கே இரண்டாவது உடல் ஒன்று வளர்ந்திருக்கிறது. இயற்கை தானாகவே இதைச் செய்துகாட்டிய ஒரு பிராணி கிடைத்தால் தன் படங்களையெல்லாம் கிழித்துப் போட்டுவிடலாம் என்பார் பேராசிரியர்.

ஆகவே, தகரம் அடித்த ஒரு மரப்பெட்டியும், உடல் அழுகாமல் காக்கும் ஃபார்மலின் ஒரு டின்னும், “வெட்டாதே, முழுசாகக் கொண்டு வா” என்ற கட்டளையுமாக நான் ஒரு காலைநேரம் விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கினேன்.

ரூத் குடையோடு நின்றிருந்தாள். முதலில் சாப்பிடலாம் என்றாள். ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த ஹோட்டலில் அரிசித் தட்டுப்பாட்டை இட்லியின் அளவிலேயே பார்க்க முடிந்தது. ஆனால் மல்லாட்டைச் சட்னிக்குத் தட்டுப்பாடு இல்லை. நிலக்கடலையைத்தான் இங்கே மல்லாட்டை என்கிறார்கள். எங்கள் வீட்டில் தேங்காய் இல்லாமல் ஒரு வேளையும் கழியாது. இங்கே தேங்காயின் வேலை முழுவதையும் கடலை பார்க்கிறது. காப்பி நன்றாக இருந்தது. இன்னொன்று வேண்டுமா என்று கேட்டவரிடம், ஆமாம் என்பதற்கு எங்கள் ஊர் வழக்கில் “ஓம்” என்றேன். அவர் ரூத்தைப் பார்த்து, “மலையாளத்து அம்மாவா?” என்று விசாரித்தார். அந்தப் பயணம் முழுவதும் இதே கேள்வியை வேறு வேறு வாய்களிலிருந்து கேட்டேன். ஒரு கட்டத்துக்கு மேல் மறுக்கவில்லை.

பஸ் கரிவாயுவில் ஓடுவது. பெட்ரோல் கிடைக்காததால் வண்டியின் முதுகில் கொதிகலன் போன்ற ஓர் அடுப்பை மாட்டியிருந்தார்கள். கண்டக்டர் அதற்குக் கரி போட்டு, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி ஊதினார். கொழும்பிலும் இந்தப் பஸ்கள் உண்டு. ஆனால் அங்கே வண்டி நின்றால் பயணிகள் முணுமுணுப்பார்கள். இங்கே யாரும் சொல்லாமலே இறங்கித் தள்ளிவிட்டு மறுபடி ஏறிக்கொள்கிறார்கள்.

விக்கிரவாண்டியை நெருங்கும்போதுதான் விபரீதம் நடந்தது. குலுக்கலில் ஃபார்மலின் டின்னின் மூடி தளர்ந்துவிட்டது. முதலில் எனக்கு முன்னால் இருந்தவர் கண்ணைத் தேய்த்தார். பிறகு எல்லாரும் தேய்த்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “ஜப்பான்காரன் வெசவாயு உட்டுட்டான்!” என்று அலறியது. வண்டி நிற்பதற்கு முன்பே பாதிப்பேர் குதித்துவிட்டார்கள். ஒருவர் சாலையோரத்துப் பள்ளத்தில் குப்புறப் படுத்துக்கொண்டார். விமானத் தாக்குதல் ஒத்திகையில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்களாம்.

நான் மூடியை அழுத்தித் திருகினேன். கண்டக்டர் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

“இன்னாம்மா அது?”

“பிணம் கெடாமல் வைக்கிற மருந்து” என்றேன். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நன்றாயிருந்திருக்கும்.

“பொணமா? ஜல்தி எறக்குங்கம்மா அத்த! காலங்காத்தால இன்னா பேஜாரு இது!”

எங்களையும் பெட்டியையும் டின்னையும் புளியமரத்தடியில் விட்டுவிட்டு பஸ் போயிற்று. ரூத் சிரித்துச் சிரித்து மரத்தில் சாய்ந்துகொண்டாள். கடைசியில் கடலை மூட்டை ஏற்றி வந்த ஒரு மாட்டு வண்டிக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டார். எங்கே போகவேண்டும் என்று நாங்கள் சொல்வதற்கு முன் அவரே சொன்னார்.

“ரெண்டு தல கன்னுக்குட்டி பாக்கத்தான? சனம் அங்கதான் போய்க்கினு இருக்குது. நானே ரெண்டு வாட்டி பாத்துட்டேன். ஒரு தல தூங்குது, ஒரு தல முழிச்சிக்கினு இருக்குது.”

வண்டி போய்ச் சேர்ந்த கிராமத்தில், கன்று ஊருக்குள் இல்லை. ஊரைத் தாண்டி, களத்துமேட்டுக்கு அப்பால், கூலிவேலை செய்பவர்களின் தெருவில் இருந்தது. கன்னியப்பன் என்ற இளைஞரின் பசு ஈன்றது அது. அந்தத் தெருவுக்கு வழக்கமாக வராத ஊர்க்காரர்களும் வந்து வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கன்னியப்பன் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்திருந்தார். ஊர்க்காரர்கள் யாரும் தொடாமல் அது வைத்தபடியே இருந்தது. எங்கள் ஊரிலும் இதே காட்சிதான். செம்பு மட்டும் வேறு. ரூத் போனவுடனே அதை எடுத்துக் குடித்தாள். நானும் குடித்தேன்.

கன்று ஒரு கோணிமேல் படுத்திருந்தது. செவலை நிறம். முன்னங்கால்களுக்கு மேலே கழுத்து இரண்டாகப் பிரிந்து இரண்டு முழு முகங்களாக முடிந்திருந்தது. இரண்டும் அழகான முகங்கள். அதை எழுதவேண்டும், ஏனென்றால் நான் அதை எதிர்பார்த்துப் போகவில்லை. சாடிகளில் பார்த்த பிராணிகளின் முகங்கள் எல்லாம் சுருங்கி வெளிறிக் கிடக்கும். இங்கே நான்கு கண்களும் ஈரமாக, இமைத்தபடி இருந்தன. இரண்டு நெற்றிகளிலும் யாரோ மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். கன்றால் நிற்க முடியவில்லை. கன்னியப்பன் பாலில் துணியை நனைத்து ஒரு வாயில் வைத்தபோது, மற்ற வாயும் காற்றைச் சப்பியது.

“டாக்டரம்மா, இது பொழைக்குமா?” என்று கேட்டார்.

“நான் டொக்டர் இல்லை” என்றேன். “பிழைக்காது. இவ்வளவு நாள் இருந்ததே பெரிசு.”

அவருக்கு அது தெரிந்துதான் இருந்தது. விழுப்புரத்தில் கூடாரம் போட்டுக் காசுக்கு வினோதங்கள் காட்டும் ஒரு வேடிக்கைக்காரர் வந்து கன்றை விலைக்குக் கேட்டதாகவும், மறுபடி வருவார் என்றும் சொன்னார். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்பதை ரூத் பக்குவமாக எடுத்துச் சொன்னாள். அவர் குடிசைப் பக்கம் பார்த்தார்.

“இத்தப் பத்தி நான் ஒண்ணும் யோசிக்கலம்மா. எனக்கு அவளப் பத்திதான் யோசன.”

அவர் மனைவி அஞ்சலை உள்ளே இருந்தாள். ஏழு மாத கர்ப்பிணி, அதுவே முதல் பிள்ளை. பசு கன்று போட முடியாமல் தவித்தபோது கன்னியப்பன் வேலைக்குப் போயிருந்தார். அஞ்சலைதான் உள்ளே கைவிட்டுக் கன்றை இழுத்துப் போட்டவள். முதலில் ஒரு தலை வந்தது. இழுத்தாள். இன்னொன்றும் வந்தது. அன்றிலிருந்து அவள் வெளியே வரவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. தெருவில் எல்லாருக்கும் பிள்ளைப்பேறு பார்ப்பவள் குப்பம்மா. உறவில் அஞ்சலைக்குப் பெரியம்மா. அவள் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்: “அந்தக் கன்ன இழுத்த கைய வயித்துமேல வெச்சிக்கினு படுத்திருக்கறா. அந்த வயித்த நான் தொடமாட்டேன்.”

குப்பம்மா சொன்ன பிறகு மற்றப் பெண்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள். கன்றைப் பார்க்க வந்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவளைப் பார்க்க ஒருவரும் வரவில்லை.

அன்று நான் அவளிடம் பேசவில்லை. திண்டிவனத்துக்குப் போய் ரூத்தின் வீட்டில் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டேன். களி எங்கள் பிட்டைப்போல உதிராது. உருட்டி, மெல்லாமல் விழுங்கவேண்டும் என்று ரூத் சொல்லிக்கொடுத்தாள். நான் மென்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் நாங்கள் போனபோது வேடிக்கைக்காரர் வந்திருந்தார். பட்டுச் சட்டை, தங்கப்பல், மரியாதையான பேச்சு. கன்றின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “மூச்சு வாங்குதே, கன்னியப்பா. கூடாரத்துல செத்துப்பூட்டா யாரு பாப்பாங்க? நாலு நாளு கழிச்சி நல்லா நின்னுச்சின்னா சொல்லியனுப்பு” என்றார். என் பெட்டியைப் பார்த்ததும் அது எதற்கு என்று கேட்டார். சொன்னேன். “செத்தது உங்களுக்கு, உசுரோட இருந்தா எனக்கு. நமக்குள்ள போட்டியே இல்லீங்க” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். தொழில் முறையில் அவர் சொன்னது சரி.

நான் குடிசைக்குள் போனேன். அஞ்சலை சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான பெண். வலது கையை முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்தாள். ரூத் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “இவங்க இலங்கையிலருந்து வந்திருக்கறாங்க. இந்த மாதிரி எப்படி ஆவுதுன்னு படிச்சவங்க” என்றாள்.

அஞ்சலை என்னை நிமிர்ந்து பார்த்தாள். “எப்படி ஆவுது?” என்றாள்.

பேராசிரியரின் பாடத்தை ஒவ்வோர் ஆண்டும் கேட்டவள் நான். படங்களை ஒட்டியதும் நான்தான். ஆனாலும் வாயைத் திறந்து, கருமுட்டை பிளந்து நுண்ணறைகள் ஆவதைப் பற்றி நாலு வாக்கியம் சொன்னதுமே அது அவளை எட்டவில்லை என்று தெரிந்தது. அவள் மரியாதைக்காகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். மாணவர்களும் அப்படித்தான் ஆட்டுவார்கள்.

ரூத் குறுக்கிட்டாள். “அஞ்சல, சீமெண்ணெ வாங்கக் கியூவுல நின்னுருக்கறியா?”

“நிக்காம?”

“கடை தொறக்கறதுக்கு முன்னாடி அங்க கியூ இருக்குமா?”

“இருக்காது. சனம் சும்மா அங்கங்க நின்னுக்கினு இருக்கும். எவளாச்சும் ஒருத்தி போயி கதவாண்ட நின்னான்னா, அவ பின்னால ஒருத்தி, அவ பின்னால ஒருத்தி.”

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். கரு தொடங்கும்போது அந்தச் சனம் மாதிரித்தான் என்றேன். யார் தலை, யார் வால் என்று யாருக்கும் எழுதி வைத்திருப்பதில்லை. ஓர் இடம் முந்திக்கொள்கிறது. அதற்குப் பக்கத்தில் இருப்பது, தான் எங்கே இருக்கிறது என்பதை வைத்து முதுகாகிறது. அதற்கு அடுத்தது வேறொன்றாகிறது. இடம் மாறி நின்றிருந்தால் வேறாகியிருக்கும். கண் ஆகவேண்டிய இடம் பக்கத்துத் தோலைத் தொட்டால்தான் அந்தத் தோல் கண்ணுக்குள் இருக்கும் பளிங்கு வில்லை ஆகும் என்று தவளையில் சிலர் பார்த்திருக்கிறார்கள். கியூ கடைசிவரை கியூதான். இங்கே, வரிசையில் நின்றவர்களே மாறிப்போய், அடுத்து வருபவர்களையும் மாற்றுகிறார்கள். அதனால்தான் ஒன்றுமில்லாதது போன்ற ஒரு துளி இவ்வளவாக விரிகிறது.

அஞ்சலை தலையாட்டுவதை நிறுத்தினாள். “அப்ப இந்தக் கன்னுல ரெண்டு பேரு மொதல்ல நின்னுட்டாங்களா?”

“ஓம். அதுதான். ரெண்டு இடம் முந்திக்கொண்டது. ரெண்டுக்குப் பின்னாலும் வரிசை சேர்ந்தது. நடுவில ரெண்டும் ஒன்றாகிப் போச்சுது.”

“எப்ப?”

“சினை பிடித்துக் கொஞ்ச நாளிலேயே. பசுவுக்கே தெரியாது, அவ்வளவு முன்னம்.”

“நான் இழுத்ததுல ஆவலியா?”

“இல்லை.”

“நான் பாத்தது…” என்று நிறுத்தி, வயிற்றைப் பார்த்தாள்.

“உங்கட பிள்ளைக்குத் தலை வந்து எத்தனையோ மாதமாச்சுது. நீங்கள் கன்றைப் பார்த்தது நேற்று முந்தநாள் மாதிரி. பார்த்ததால ஒன்றும் மாறாது. கை பட்டதாலயும் மாறாது.”

அவள் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். தெளியவில்லை. “அப்ப, உள்ள இருக்கறது எப்பவோ முடிஞ்சிப்போன சமாச்சாரம்” என்றாள். “ஒண்ணோ, ரெண்டோ.”

எனக்கு அவள் சொன்னது முழுவதும் சரியென்று பட்டது. பழியை மட்டும்தான் என்னால் எடுக்க முடிந்தது. பயத்தை எடுக்கும் வழி என் படிப்பில் இல்லை.

அவள் இன்னொன்றும் கேட்டாள். “மொதல்ல நிக்கறவள நீ போயி நில்லுன்னு சொன்னது யாரு?”

“அது இன்னும் சரியாகத் தெரியாது” என்றேன். ரூத், “கர்த்தர்” என்றாள். அஞ்சலை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எந்தப் பதிலையும் எடுத்துக்கொள்ளாமல் விட்டாள்.

திண்டிவனத்தில் ரூத்துக்குத் தெரிந்த ஒரு டாக்டரம்மா இருந்தார். கையால் தடவிப் பார்த்தே பிள்ளையின் தலை எங்கே இருக்கிறது என்று சொல்வார் என்றாள் ரூத். கன்னியப்பன் தயங்கினார், அஞ்சலை தயங்கவில்லை. அடுத்த நாள் அவர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். அதே கண்டக்டர். நான் கைகளை விரித்து, டின் இல்லை என்று காட்டிய பிறகுதான் ஏறவிட்டார். வழியில் வண்டி நின்றபோது எல்லாரும் இறங்கினார்கள். அஞ்சலையும் எழுந்தாள். “நீ குந்தும்மா, ரெண்டு உசுரு” என்று ஒரு கிழவர் அவளைத் தடுத்தார். அவருக்குக் கன்றின் கதை தெரியாது. அவள் அந்தச் சொற்களைக் கேட்டு உட்கார்ந்த விதத்தை நான் பார்த்தேன். பல நாளாக அவளிடம் யாரும் அப்படிப் பேசியிருக்கவில்லை.

டாக்டரம்மா வெகுநேரம் தடவிப் பார்த்தார். பிறகு ஒரு மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். “ஒரு தலைதான் தட்டுப்படுது. ஒரு துடிப்புதான் கேக்குது. மத்தது பொறந்தப்புறம்தான் சொல்ல முடியும். நல்லா சாப்புடு” என்றார். தானும் காது வைத்துப் பார்க்கக் குழலைத் தரும்படி அஞ்சலை கேட்டாள். அவரவர் வயிற்றுக்கு அவரவர் காது எட்டாது. ஆகவே கன்னியப்பனைக் குனிந்து கேட்கச் சொன்னார்கள். வெட்கத்தோடு குனிந்தவர் நெடுநேரம் எழவில்லை.

“இன்னா கேக்குது?” என்றாள் அஞ்சலை.

“ஓடிக்கினு இருக்குது” என்றார்.

திரும்பி வந்தபோது தெருவில் இந்தச் செய்தி எந்த மாற்றத்தையும் உண்டாக்கவில்லை. குப்பம்மா முருங்கை மரத்தடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கன்னியப்பன் போய்ச் சொன்னார். “ஆசுபத்திரியில சொன்னா அங்கயே பெத்துக்க சொல்லு” என்று பதில் வந்தது. அவள் கீரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. வலி எடுத்தால், கரிவாயு பஸ் எப்போது வரும், எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. குப்பம்மா இல்லாமல் அஞ்சலையால் பிள்ளை பெறமுடியாது. அதுதான் நிலைமை.

அதற்கு அடுத்த நாள் காலையில் நாங்கள் போனபோது கன்று இறந்திருந்தது. ஒரு தலை கொஞ்சம் முந்தியும் மற்றது கொஞ்சம் பிந்தியும் அடங்கியதாகக் கன்னியப்பன் சொன்னார். ஊர்க்காரர்கள் சிலர் வந்து, அதை ஏரிக்கரையில் புதைத்துப் பூசை போடவேண்டும் என்றார்கள். கன்னியப்பன் மறுத்துவிட்டார். “இந்தம்மா கடலுக்கு அந்தாண்ட எடுத்துக்கினு போறாங்க. போவட்டும்” என்றார்.

நான் பெட்டியைத் திறந்து, துணி விரித்து, ஃபார்மலினைத் தண்ணீரில் கலக்கத் தொடங்கினேன். அஞ்சலை வெளியே வந்தாள். நான் வந்த நாளிலிருந்து அவள் வாசலைத் தாண்டிக் கன்றின் பக்கம் வந்தது அதுவே முதல் முறை. தெருவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“எடுத்துக்கினு போறதுக்கு முன்னால அறுத்துக் காட்டுங்க” என்றாள். “ரெண்டு எங்க ஒண்ணாச்சின்னு நான் பாக்கணும்.”

‘வெட்டாதே’ என்று பேராசிரியர் சொன்னது காதில் இருந்தது. மாணவர்கள் முன்னால் தாமே அறுத்துக் காட்டவேண்டும் என்பது அவர் ஆசை. நூல்களில் படித்தவர்களுக்காக அதைக் கொண்டுபோகத்தான் நான் வந்திருந்தேன். ஆனால் அதைத் தன் கையால் உலகத்துக்குக் கொண்டுவந்தவள் எதிரே நின்றுகொண்டிருந்தாள். நான் கத்தியை எடுத்தேன். இதற்காகப் பேராசிரியர் பின்னால் என்னோடு சில நாள் பேசவில்லை. பேசாமலே சாடிக்குத் தானே பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டினார்.

வேப்பமர நிழலில், கோணிமேல் கன்றைத் திருப்பிப் போட்டு முதுகின் தோலை நீளமாக அறுத்து விலக்கினேன். ரூத் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அஞ்சலை உட்கார்ந்து, சுற்றி வைத்திருந்த வலது கையை முந்தானையிலிருந்து எடுத்துத் தோலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். சதையை ஒதுக்கியதும் முதுகெலும்பு தெரிந்தது. இரண்டு கழுத்துகளிலிருந்தும் இரண்டு எலும்பு வரிசைகள் இறங்கி வந்தன. தோள்களுக்கு நடுவே ஒன்றையொன்று நெருங்கி, ஓர் இடத்தில் அகலமான, கோணலான ஒரே எலும்பாகி, அதற்குக் கீழே எந்தக் கன்றுக்கும் இருப்பதுபோல ஒற்றை வரிசையாக வால்வரை போயின. பிறகு விலாப்பக்கமாக மார்பைத் திறந்தேன். இரண்டு உணவுக்குழாய்கள் ஒன்றாகி ஒரே இரைப்பையில் முடிந்தன. இதயம் ஒன்றுதான். வழக்கத்தைவிட அகலம்.

எதுவும் கிழிந்தோ நசுங்கியோ இல்லை. யாரோ கெடுத்தது போலவும் இல்லை. ஒவ்வோர் எலும்பும் தன் பக்கத்து எலும்புக்குப் பொருத்தமாகவே இருந்தது. தவறு என்று நாம் சொல்வதையும் அந்த உடல் ஒழுங்காகவே செய்திருந்தது.

அஞ்சலை விரலை ஒரு கழுத்தில் வைத்து எலும்பு எலும்பாக இறங்கினாள். சேரும் இடத்தில் நிறுத்தினாள். மற்றக் கழுத்திலிருந்தும் அதேபோல இறங்கி அதே இடத்துக்கு வந்தாள்.

“இங்கதான்” என்றாள், தனக்குத்தானே.

நான் நிமிர்ந்தபோது எங்களைச் சுற்றிப் பெண்கள் நின்றிருந்தார்கள். எப்போது வந்தார்கள் என்று கவனிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு குப்பம்மா முன்னால் வந்தாள். முழங்காலைப் பிடித்தபடி குந்தி, கன்றின் முதுகை வெகுநேரம் பார்த்தாள். பிள்ளைகளைப் பிறக்கவைத்த ஒருத்தி பார்க்கும் பார்வை அது. அதில் மஞ்சளோ குங்குமமோ இல்லை. ஒருமுறை கையை நீட்டி, எலும்புகள் சேருமிடத்தைத் தானும் தொட்டுப் பார்த்தாள்.

“அடி ஆத்தா” என்றாள். “எவ்ளோ சுத்தமா சேந்துருக்குது பாரு.”

குப்பம்மா கையை மண்ணில் தேய்த்துத் துடைத்து, எழுந்துபோய்க் குடத்துத் தண்ணீரில் கழுவினாள். ஈரக்கையைப் புடவையில் ஒற்றிக்கொண்டே திரும்பி வந்து அஞ்சலையின் முன்னால் நின்றாள். அவள் முகத்தைப் பார்க்காமல், எங்கோ பார்த்தபடி கேட்டாள்.

“இப்ப எத்தினி மாசம் ஆவுது உனக்கு?”

“ஏழு முடிஞ்சி எட்டு, பெரீம்மா.”

“எந்திரி. உள்ள வந்து படு. வெய்யில்ல குந்திக்கினு இன்னா வேல?”

அஞ்சலை கையூன்றி எழுந்தாள். குப்பம்மா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் குனிந்து குடிசைக்குள் போனார்கள். நானும் கன்னியப்பனும் கன்றைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தோம். அவர் கைகள் வேலையை நிறுத்திவிட்டன. உள்ளேயிருந்து குப்பம்மாவின் குரல், கோபமாக, கேட்டது.

“வயிறு ஏன் இப்படி ஒட்டிக் கெடக்குது? ரெண்டு வாரமா இன்னாடி துன்ன நீ? டேய் கன்னியப்பா, அந்தப் பொணத்த உட்டுட்டுப் போயி மொதல்ல கஞ்சிய வெய்யிடா!”